பேனரில் இன்னும் மோகன் பெயர்

செப்டம்பர் 7, 2003. ஞாயிறு

தூறல். சர்ச்சிலிருந்து திரும்புவதற்குள் சுடிதார் கால் முழுக்கச் சேறு. புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு லாரிக்காரன் வேண்டுமென்றே குழியில் இறக்கினான். நாசமாய்ப் போக. (ஞாயிற்றுக்கிழமை இப்படி எழுதக் கூடாது. எழுதியாயிற்று.)

விஷயம் அதுவல்ல. மோகன் துபாய்க்குப் போய்விட்டான், ரிதம் பேடையும் தூக்கிக்கொண்டு. அவன் சொந்தப் பேடு, கேட்க முடியாது. எங்கள் இரும்பு ஆலையின் மெல்லிசைக் குழுவில் இப்போது மிச்சம் இரண்டே பேர். பாட்டுக்குக் காதர் பாய். லோடிங் யார்டில் லாரிகளை அதட்டுகிற குரல், பாட்டுக்கும் அதே குரல்தான், ஆனால் கேட்டால் எழுந்து போக முடியாது. கீபோர்டுக்கு ஸ்டோர்ஸ் ஏழுமலை அண்ணன். தாளத்துக்கு ஆள் இல்லை. ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

நான் இருக்கிறேனே.

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. டெஸ்பாட்ச் ஆபீசில் கேட் பாஸ் டைப் அடிக்கிற எஸ்தர். மேசையில் விரலால் தாளம் போட்டுத் திட்டு வாங்குகிற எஸ்தர். மேடை ஏறினதே இல்லை. சர்ச்சில் டாம்போரின் தட்டியதோடு சரி. அதையும் வேகமாகத் தட்டுகிறேன் என்று பாஸ்டரம்மா பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டார்.

நாளைக்குக் கேட்டுவிடுவது. கேட்காமல் விட்டால் வருஷம் முழுக்க வயிறு எரியும்.

செப்டம்பர் 8. திங்கள்

கேட்டுவிட்டேன். கேன்டீனில். சாம்பார் சாதம், நமத்துப்போன அப்பளம்.

"பாய், நான் வாசிக்கிறேன்."

"இன்னாத்த?"

"ரிதம். எங்க ஊட்டு கம்ப்யூட்டர்ல."

காதர் பாய் (இனிமேல் கா.பா., முழுசாக எழுதக் கை வலிக்கிறது) சோற்றை உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "தங்கச்சி, கம்ப்யூட்டர்ல கேட் பாஸ் வரும். மோளம் வருமா?"

ஏழுமலை அண்ணன்தான் காப்பாற்றினார். "வரும் பாய். சினிமாவுல இப்போ பாதி அதான்."

"சினிமாவுல ஆடுறவனுக்கு டப்பு குடுக்குறாங்கோ. இங்க எவன் ஆடுவான்?" கை கழுவிவிட்டு வந்து தீர்ப்பு சொன்னார். "ஒண்ணு பண்ணு. பூஜ அன்னிக்கு ஒருத்தனாச்சும் எழுந்து ஆடணும். ஆடிட்டான், நீதான் நம்ம ரிதம். பேனர்ல மோகன் பேர அழிச்சிட்டு உன் பேர எழுதிடலாம். ஆடல, தப்பா நெனச்சிக்காத, பொங்கலுக்கு மெட்ராஸ்லேர்ந்து பேடுகாரன இட்டுனு வந்துடுவேன்."

சரி என்றேன். பந்தாவாக.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். எங்கள் ஆலை ஜனம் ஆடாத ஜனம். போன வருஷம் மோகன் கை சிவக்க வாசித்தான். எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில் பொரி பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் முன்வரிசை. அவர் உட்கார்ந்திருக்கும்போது எவன் எழுந்திருப்பான்? மோகனுக்கே ஆடாதவர்கள் எனக்கு ஆடுவார்களா?

பேனர் ஸ்டோர்ஸ் சுவரில் சுருட்டி வைத்திருக்கிறது. விரித்துப் பார்த்தேன். ரிதம்: மோகன். சிவப்பு எழுத்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு.

செப்டம்பர் 10. புதன்

வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு கேட் பாஸில் லாரி நம்பரை மாற்றி அடித்துவிட்டேன். மனசு வேலையில் இல்லை.

அண்ணன் பெங்களூர் போனபோது விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் இது. இதுவரை சீட்டாட்டத்துக்கும் சர்ச் பாட்டு டைப் அடிக்கவும்தான். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் இரண்டு மென்பொருள் கிடைத்தது. மூன்றாவது, பொன்னேரி பிரவுசிங் சென்டரில் இறக்கியது. "இன்னா சிஸ்டர், சினிமா இறக்குறீங்களா?" என்றார் சென்டர்காரர். "இல்லண்ணா, மோளம்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நாலு ஃபிளாப்பியில் துண்டு துண்டாக எடுத்து வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மூன்றாவது ஃபிளாப்பி செத்துப்போச்சு. திரும்பவும் பொன்னேரி. திரும்பவும் அதே பஸ், அதே கண்டக்டர், அதே முறைப்பு.

மூன்றுக்கும் நீள நீளமாக இங்கிலீஷ் பெயர். நான் வைத்த பெயர்:

பச்சை. பச்சை ஜன்னல். யாரோ எங்கேயோ அடித்த ட்ரம்மைப் பதிந்து வைத்திருக்கிறது. விசைப்பலகையில் எழுத்தைத் தட்டினால் சட்டென்று சத்தம். வேகம் நல்ல வேகம். ஆனால் எல்லாம் வெளிநாட்டு ட்ரம். பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறது. நம்ம குத்துப் பாட்டுக்குச் சரிப்படாது.

குமிழ். திரை முழுக்கத் திருகுகிற குமிழ்கள். பதிந்த சத்தம் ஒன்றுகூட இல்லை. நாமேதான் ஒன்றுமில்லாததிலிருந்து செய்ய வேண்டும்.

சாம்பல். பார்க்கச் சகிக்காத சாம்பல் நிறம். இன்னும் திறக்கவில்லை. மூஞ்சியே சரியில்லை.

செப்டம்பர் 12. வெள்ளி

குமிழ்! குமிழ்! குமிழ்!

வேலை விட்டு வந்து கை கால்கூட கழுவவில்லை. முதலில் 'ஊ' என்று ஒரே சத்தம், பழைய டெலிபோன் மாதிரி. இதில் எங்கே மோளம் என்று எரிச்சல். ஒவ்வொன்றாகத் திருகினேன். ஒரு குமிழைத் திருகியதும் சத்தம் மேலேயிருந்து கீழே விழுந்தது. அவ்வளவுதான் ரகசியம். சத்தம் விழ வேண்டும். வேகமாக விழுந்தால் 'டப்'. கொஞ்சம் இழுத்து விழுந்தால் 'டும்ம்'. விழாவிட்டால் வெறும் ஊளை.

'டும்' வந்ததும் ஸ்பீக்கரைக் கூட்டி வைத்தேன்.

அடுப்படியிலிருந்து அம்மா: "எவ அது, கதவ இந்த இடி இடிக்கிறா? வரேன் இரு!"

கரண்டியோடு போய்க் கதவைத் திறந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தாள். கதவு என்று நினைத்துவிட்டாள்! யாரோ கையால் இடித்தது என்று நினைத்துவிட்டாள்! நாற்காலியிலேயே குதித்தேன்.

"இன்னாடி இளிக்கிற?"

"ஒண்ணும் இல்லம்மா. நான்தான் வந்திருக்கேன்."

"பைத்தியம் புட்ச்சிருக்கு ஒனக்கு. மீன் கொழம்பு ஆறுது, வா."

வஞ்சிரம் இல்லை, சின்னக் காரப்பொடி மீன்தான். ஆனாலும் நல்ல ருசி. இன்றைக்கு எதுவாக இருந்தாலும் ருசித்திருக்கும்.

செப்டம்பர் 14. ஞாயிறு

குமிழ் மோசம் செய்துவிட்டது.

மத்தியானம் ஏழுமலை அண்ணன் கீபோர்டை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்தார். சேர்ந்து வாசித்துப் பார்த்தோம். நான் தட்டுகிறேன், சத்தம் யோசித்துவிட்டுத்தான் வருகிறது. கண்ணிமைக்கிற நேரம்தான் தாமதம், ஆனால் தாளத்தில் அது போதும் ஆளைக் கவிழ்க்க. நம்ம கம்ப்யூட்டர் கிழடு, குமிழை இழுக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது. அவர் எனக்காக நிறுத்த, நான் அவருக்காக ஓட, கடைசியில் இரண்டு பேரும் தனித்தனி ஊரில் இருந்தோம்.

போதாக்குறைக்கு இது காசு கட்டாத மாதிரிப் பதிப்பு. செய்த சத்தத்தைச் சேமிக்க விடாது. மூடினால் எல்லாம் போச்சு. என் 'டும்' போச்சு.

அம்மா டீ கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுகை என்று தெரியக் கூடாது. ஏழுமலை அண்ணன் பார்த்துவிட்டார். "இன்னும் ஒண்ணு கீதுன்னியே?"

"அது மூஞ்சே நல்லால்லண்ணா."

"என் மூஞ்சி மட்டும் நல்லாவா கீது? என்னிய வச்சிக்கினு வாசிக்கல?"

செப்டம்பர் 16. செவ்வாய்

சாம்பலைத் திறந்தேன். மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், சாம்பலே.

இதில் படமும் இல்லை, குமிழும் இல்லை. வெறும் எண்கள். ஒரு நேரத்தில் ஒரு மோளச் சத்தத்தைத்தான் செய்ய முடியும். தாளமாக வாசிக்க முடியாது. ஆனால் குமிழ் செய்வதையெல்லாம் இதுவும் செய்கிறது, கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கவில்லை. இலவசம். சேமிக்கவும் விடுகிறது!

சாம்பலில் செய்து, சேமித்து, அந்தச் சத்தத்தைப் பச்சைக்குள் வெளிநாட்டு ட்ரம் இருக்கிற இடத்தில் போட்டால்?

போட்டேன். 'A' தட்டினேன். டும். உடனே. விரல் பட்டதும்.

முடிவு: சமையல் சாம்பலில், பரிமாறல் பச்சையில். குமிழை அழித்துவிட்டேன். இத்தனை நாள் மூன்றில் எது நல்லது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று எவன் சொன்னான்?

செப்டம்பர் 18. வியாழன்

எடைச் சீட்டில் கையெழுத்து வாங்க ஷெட்டுக்குள் போக வேண்டியதாயிற்று. உள்ளே உலையின் அனல், வெளியே மழை. கிரேன் ஓட்டுகிற ராகவய்யா மேலே கேபினில் இருந்தார். ஆந்திர எல்லையில் தடா பக்கத்து ஆள், தமிழும் தெலுங்கும் கலந்துதான் திட்டுவார். அவர் பெல் அடித்தால் போதும், ஷெட்டில் இருக்கிற அத்தனை பேரும் பேச்சை நிறுத்தாமலே, டீயைக் கீழே வைக்காமலே, தரையில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய் நின்று மேலே பார்ப்பார்கள். தலைக்கு மேல் இரும்பு போகிறது, பார்க்காமல் என்ன? கிரேன் போனதும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேச்சு. நானும் நகர்ந்தேன். என் கால் என்னைக் கேட்கவே இல்லை.

இறங்கி வந்ததும் பிடித்துக்கொண்டார். "இன்னா பாப்பா, கம்ப்யூட்டர் மோளமாமே? கரண்டு பூட்டா இன்னா பண்ணுவ?"

"கரண்ட் போனா உங்க கிரேனும்தான் நிக்கும், நைனா."

"வாயி பாரு இதுக்கு" என்று சுற்றி இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். கையெழுத்தை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போக வேண்டியதாகிவிட்டது.

செப்டம்பர் 21. ஞாயிறு

சர்ச்சுக்கு மட்டும் போனேன். மீதி நாள் முழுக்கச் சாம்பல்.

இதுவரை தேறியவை:

A: டும். (கதவு இடி.)
S: டக். மேலேயிருந்து விழுகிற சத்தத்தோடு இரைச்சலைக் கொஞ்சம் கலக்க வேண்டும். அம்மா முறத்தில் அரிசி புடைக்கிற 'ஸ்ஸ்' அளவுக்கு. கூடினால் டிவியில் சேனல் போன சத்தம்.
K: கைத்தட்டல். ஒரே இரைச்சலை அடுத்தடுத்து மூன்று தடவை. ஒரு தடவை மட்டும் என்றால் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது.
L: பெல்.

பெல்தான் இன்றைய வெற்றி. இரண்டு சத்தத்தை ஒன்றாக விட வேண்டும், இரண்டும் ஒத்துப்போகக் கூடாது. ஒத்துப்போனால் பூஜை மணி, சாதுவாக இருக்கிறது. எண்களை மாற்றி மாற்றிப் போட்டேன். தகரம், தட்டு, சைக்கிள் மணி, ஐஸ்காரர். பிறகு சட்டென்று ஒரு இடத்தில் 'டிங்டிங்' என்று வந்தது பாரு, உடம்பே நிமிர்ந்தது. இதுதான், இதேதான் என்று உள்ளே ஒரு குரல். ஏன் இதுதான் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ரொம்ப நாள் பழகின ஆள் வாசலில் வந்து நின்ற மாதிரி.

குத்துப் பாட்டு சூடு பிடிக்கிற இடத்தில் இதை இறக்க வேண்டும். எவனும் உட்கார்ந்திருக்க முடியாது.

செப்டம்பர் 25. வியாழன்

பேஜாரு. A, S, K மூன்றையும் ஒன்றாகத் தட்டினால் K வரவில்லை. அரை மணி நேரம் சாம்பலைத் திட்டினேன், பச்சையைத் திட்டினேன், அண்ணனைத் திட்டினேன். குற்றவாளி விசைப்பலகை. சில மூன்று எழுத்துகள் சேர்ந்தால் அதற்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. எது எதோடு ஒத்துப்போகிறது என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தேன். டக்கை Z-க்கு மாற்றினேன். இப்போது சரி.

ஸ்டோர்ஸிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு. நாலு எழுத்துக்கும் ஒட்டினேன். பார்க்கவே அழகு.

அம்மா: "மேடைக்கு எந்த டிரெஸ்?"

அட, அம்மா! நான் இன்னும் அம்மாவிடம் மேடை என்றே சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்றால், "நீ தூக்கத்துல சொல்ற" என்கிறாள்.

அக்டோபர் 2. வியாழன். காந்தி ஜெயந்தி

லீவு. பொன்னேரியில் கா.பா. வீட்டில் ஒத்திகை. கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து அம்மா போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "கொயந்தயோன்னு நெனச்சேன்" என்றார்.

பாயம்மா பிரியாணி. கா.பா.வின் மனைவிக்கு என் மேல் தனிப் பிரியம், எலும்பில்லாத துண்டாகப் பார்த்துப் போட்டார். "நீ அடி தாயி. எங்க ஊட்டு ஆளு கெடக்குறாரு."

வாசித்தோம். கா.பா. முதல் பாட்டில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் கால் ஆடியது. நான் பார்ப்பதைப் பார்த்துக் காலை நிறுத்திக்கொண்டார். குத்துப் பாட்டில் பெல்லை இறக்கினேன். ஏழுமலை அண்ணன் "ஐயே, சூப்பரு!" என்றார். கா.பா.வும் தலையாட்டினார்.   

"நல்லாதான் கீது தங்கச்சி. ஆனா பேச்சு பேச்சுதான். ஒருத்தனாச்சும் ஆடணும்."

கல் நெஞ்சு.

அக்டோபர் 3. வெள்ளி

மழை பிடித்துக்கொள்ளும் போல. சாயந்தரம் ஆலை டெம்போவில் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் இறக்கினேன். கேன்டீன் பக்கத்து மைதானத்தில் பந்தல், மேடை. அங்கே நனைந்துவிடும் என்று பெட்டியை மட்டும் ஷெட்டுக்குள் பூஜை போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். காவலுக்குச் சொல்லியாயிற்று.

சாப்பிட முடியவில்லை. பயம் இல்லை. பயம்தான்.

அக்டோபர் 4. சனி. ஆயுத பூஜை

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலை. ஸ்பீக்கர் வண்டியை வரவேற்க நான் கேட்டில் நின்றேன். அம்மா ஷெட்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். ("பொரி வாங்கிப்பேன். பொட்டு மட்டும் வேணாம்.") பூஜை முடிந்து உள்ளே போனால், தலையில் இடி. ஏழுமலை அண்ணன்தான் வருஷா வருஷம் பொட்டு வைக்கிறவர். ஷெட்டுக்குள் இருக்கிற எதையும் விடமாட்டார். தராசு, துடைப்பம், தீயணைக்கிற மணல் வாளி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். என் கம்ப்யூட்டருக்கும். நெற்றி மாதிரி இடத்தில் ஒரு பெரிய பொட்டு, மேலே சாமந்திச் சரம், கீழே எலுமிச்சம்பழம். தீபாராதனையும் காட்டியாகிவிட்டது.

"அண்ணா! இன்னா பண்ணிக்கீறீங்க!"

"கை போன போக்குல வச்சிட்டேன் எஸ்தரு." அவரும் அழாத குறை.

பூஜையில் வைத்ததை நாளைக்கு மறுபூஜை வரை எடுக்கக் கூடாது. இது எனக்கே தெரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இந்தச் சாக்கில்தான் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். எடுக்கலாம், கூடாது என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள். கா.பா. இதில் நான் என்ன சொல்வது என்று ஒதுங்கி நின்றார். நான் தூக்கிவிடத்தான் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள். "அவங்க சாமிக்கு வச்சது. வேணாம்டி."

முடிந்தது என்று நினைத்தேன். மெட்ராஸ் பேடுகாரன் கண் முன்னால் வந்து நின்றான்.

ராகவய்யாதான் பேசினார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. "நவுத்தத்தான் கூடாது. ஓட்டலாம். பூஜ முடிஞ்சி கிரேன ஒரு தபா ஓட்டுறோமா இல்லியா? லேத்து ஒரு சுத்து சுத்துதா இல்லியா? அது மாதிரி இத்தையும் வச்ச எடத்துலயே ஓட்டு பாப்பா. சாமி கேக்கட்டும்."

அவ்வளவுதான். எல்லோரும் ஆளுக்கு இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்திலிருந்து ஷெட்டுக்கு வந்தார்கள். உலை அணைந்த ஷெட் எவ்வளவு பெரிசு! நடுவில் வரிசை வரிசையாக நாற்காலி. தலைக்கு மேலே மாலை போட்ட கிரேன். முன்வரிசையில் மேனேஜர், பக்கத்தில் ராகவய்யா. மேடை இல்லாத குறைக்கு நான் தரையில் சம்மணம் போட்டு, பொட்டு வைத்த கம்ப்யூட்டருக்கு முன்னால்.

பாட்டு ஒன்று, இரண்டு, மூன்று. கைத்தட்டல் உண்டு. ஆட்டம் இல்லை. பொரி மடியில். பரீட்சை ஹால். கா.பா. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பாவம் என்கிற பார்வை. அதுதான் தாங்கவில்லை.

நாலாவது, குத்துப் பாட்டு. இனிமேல் இழக்க என்ன இருக்கிறது என்று டும்மையும் டக்கையும் இறக்கினேன். சூடு பிடிக்கிற இடம் வந்தது. L. டிங்டிங், டிங்டிங்.

மொத்த ஷெட்டும் எழுந்தது.

ஆடவில்லை. போனார்கள். நாற்காலியைக் கையோடு தூக்கிக்கொண்டு, பேசாமல், இரண்டு பக்கமும் விலகிப் போனார்கள். நடு ஷெட் காலி.  இவ்வளவு கேவலமாகவா இருக்கிறது என் பெல்? ஆனால் விரல் நிற்கவில்லை, பழக்கதோஷம், டிங்டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது.

அப்புறம்தான் பார்த்தேன். எல்லோரும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். எல்லோரும் மேலே பார்க்கிறார்கள்.

ராகவய்யா மட்டும் எழுந்து நின்று, கேபினை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்: "ஏய்! நா இங்க கீறேன்! மேல எவண்டா அது என் வண்டில?"

 பிறகு யாரோ ஒருவன் என் கையைப் பார்த்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தான். "நைனா, பெல்லு பாப்பா கைல கீது!"

சிரிப்பு. அந்த மாதிரி சிரிப்பை அந்த ஷெட் கேட்டிருக்காது. தகரக் கூரை அதிர்ந்தது. மேனேஜரும் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தார், வெள்ளைச் சட்டையில் பொரி கொட்டி. மூன்று வருஷம் என் ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடித்த கிரேன் பெல்லைத்தான் உட்கார்ந்து உட்கார்ந்து செய்திருக்கிறேன். நாள் முழுக்கக் கேட்டதால் கேட்காமல் போன சத்தம். கா.பா.வுக்கு வெளியே யார்டு, அண்ணனுக்கு ஸ்டோர்ஸ், ஒத்திகையில் அவர்களுக்கும் பிடிபடவில்லை.

நடுவில் பெரிய காலி இடம். நாற்காலி இல்லை, வரிசை இல்லை, உட்கார்ந்திருக்கிற ஒருத்தரும் இல்லை. ராகவய்யா மட்டும். அவர் என் பக்கம் வந்தார். திட்டப் போகிறார் என்று குனிந்துகொண்டேன்.

"நிறுத்தாத. அடி."

வேட்டியை மடித்துக் கட்டினார். ஆடினார்.

என்ன ஆட்டம்! எந்த ஊர் ஆட்டம் அது, தெரியாது. ஒரு கை மேலே, ஒரு கை இடுப்பில், கிரேன் கொக்கி இறங்குகிற மாதிரி உடம்பு முழுக்க இறங்கி ஏறுகிறது. டும் விழும்போது கால் விழுகிறது. என் டும். என் டக். அடுத்து லேத் ஆட்கள் நாலு பேர். அப்புறம் யார் யார் என்று தெரியவில்லை. கா.பா. மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிறாரா கத்துகிறாரா புரியவில்லை.

"பெல்லு! பெல்லு அடி!"

அடித்தேன். எல்லோரும் ஓடிப்போய் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று அண்ணாந்தார்கள். டும் விழுந்ததும் ஹோவென்று உள்ளே. மறுபடி பெல், மறுபடி ஓட்டம். பிள்ளைகள், பொம்பளைகள், செக்யூரிட்டி, மூன்றாவது தடவை மேனேஜரும். அந்த ஒரே பாட்டை எத்தனை தடவை வாசித்தோம் என்று யாருக்கும் கணக்கில்லை. அம்மா கோட்டுக்கு வெளியே நின்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி, "ஏசப்பா, ஏசப்பா" என்று சிரிக்கிறாள். கால் தாளம் போடுகிறது. நான் பார்த்தேன், அம்மா. எழுதி வைக்கிறேன்.

முடிந்ததும் ராகவய்யா மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. வேல நாள்ல ஷெட்டாண்ட இத்த அடிச்சின்னு வையி, கைய ஒடிச்சிடுவேன்."

"சத்தியமா மாட்டேன் நைனா."

"பொங்கலுக்கு அடி."

விரல் நுனி நாலும் எரிகிறது. தூக்கம் வராது போல. வராவிட்டால் போகட்டும்.

அக்டோபர் 5. ஞாயிறு. விஜயதசமி

சர்ச். பிறகு ஆலைக்குப் போய் மறுபூஜை முடிந்து கம்ப்யூட்டரை எடுத்து வந்தேன். அம்மா ஈரத்துணியோடு வந்து பொட்டைப் பார்த்தாள்.

"தொடைக்கட்டுமா?"

"வேணாம்மா."

"சரி, கெடக்கட்டும்" என்று சுற்றி இருந்த தூசியை மட்டும் துடைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 6. திங்கள்

வெயில். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் என்னைப் பார்த்ததும் கோட்டுக்கு வெளியே குதிக்கிற மாதிரி நடித்துக் காட்டினார். டெஸ்பாட்சுக்கு வருகிற லாரி டிரைவருக்குக்கூடக் கதை தெரிந்திருக்கிறது.

டீ நேரத்தில் ஸ்டோர்ஸ். பேனரைத் தரையில் விரித்துப் போட்டிருந்தார்கள். கா.பா. ஒரு முனையை மிதித்துக்கொண்டு நிற்க, ஏழுமலை அண்ணன் மண்டியிட்டிருந்தார். மோகன் பெயர் மேல் வெள்ளை அடித்தாயிற்று. நட்சத்திரத்தை மட்டும் விட்டிருந்தார்கள்.

"செவப்பு பெயிண்டு காலி தங்கச்சி" என்றார் கா.பா. "ஸ்டோர்ஸ்ல இதான் கீது."

மஞ்சள் டப்பா. தரையில் கோடு போடுகிற பெயிண்ட்.

ரிதம்: எஸ்தர்.

காயவில்லை, தொடாதே என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். தொட்டேன். இந்தப் பக்கத்தின் மூலையில் இருக்கிற மஞ்சள் அதுதான்.